சமோதல் பேசாத பேச்சு

கல்லிய மலைக்குடியான அர்துவர்களின் தலைவன் சமோதலுக்கு வாய் திக்கும். லேசான திக்கல் இல்லை. ஒரு வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கண் மேலே செருகி, எதிரில் நிற்பவனுக்கே மூச்சு முட்டும். அதனால் ஊர்ச் சபை கூடும்போது அவன் பக்கத்தில் எப்போதும் ஒருவன் நிற்பான். சமோதல் காதோடு சொல்வதை அவன் உரக்கச் சொல்வான். முற்றுகையின் நான்காம் நாள் அந்த ஆள் ரோமானியக் கவண்கல் பட்டுச் செத்துப்போனான். ஆகவே ஒன்பதாம் நாள் சமாதானம் பேச மலைக்கோட்டையிலிருந்து இறங்கி வந்தபோது, சமோதல் ஊருக்காகத் தானே வாய் திறக்க வேண்டியிருந்தது.

அவன் கல்லிய மொழியில் பேசியதை ரோமானியத் தளபதி ஔலஸ் விபிதியஸுக்கு இலத்தீனில் எடுத்துச் சொன்னவன் மாதுகேன்.

மாதுகேன் நார்போ துறைமுகத்துக்காரன். அப்பா திராட்சை மது வியாபாரி. ஜாடிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஆற்று வழியாக உள்நாடு முழுக்கப் போய்வந்தவர். அந்தப் போக்குவரத்தில்தான் மாதுகேனுக்கு மலைப்பேச்சு பழகியது, அர்துவர் கோட்டையிலிருந்து லிதுமாரா என்ற மனைவியும் கிடைத்தாள். அப்பா செத்த பிறகு வியாபாரம் படுத்துவிட, இரண்டு பக்கப் பேச்சும் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்த விபிதியஸிடம் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தான். மனைவியின் ஊரை நோக்கியே படை போகும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்தபோது விலக வழியில்லை.

சமோதல் ஆயுதம் இல்லாமல் இரண்டு கிழவர்களோடு வந்திருந்தான். மரநிழலில் விபிதியஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 

"த-தளபதிகிட்ட சொல்லு தம்பி," என்று ஆரம்பித்தான் சமோதல். "த... த... த..."

மாதுகேன் காத்திருந்தான். விபிதியஸும் பொறுமையாகத்தான் காத்திருந்தார்.

"...தண்ணி. ஊத்த அடைச்சிட்டாங்க. பி-பிள்ளைங்க நாக்கு வீங்கிக் கெடக்குது. உங்க வியாபாரிங்கள வெ-வெட்டினது நாங்க இல்ல, ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க. இருந்தாலும் ப-பணயமா ஆள் கேக்கறாரா, தரேன். தானியம் கேக்கறாரா, தரேன். ஊத்தத் தொறக்கச் சொல்லு."

"அவ்வளவுதானா, பெரியவரே?"

"அ-அவ்வளவுதான். இதுக்கே முதுகெல்லாம் நனைஞ்சுபோச்சு பாரு."

மாதுகேன் சொன்னதைக் கேட்டு விபிதியஸ் தலையை ஆட்டினார். "நியாயமான பேச்சு. சரின்னு சொல்லு. ஊத்த இப்பவே தொறந்துவிடறேன். நாளைக்கு விடியும்போது கோட்டைக் கதவு தொறந்திருக்கணும், அறுபது பேர் பணயமா கீழ எறங்கி வரணும். வேற ஒண்ணும் வேணாம். யூப்பிட்டர் சாமி சாட்சி."

மாதுகேன் அப்படியே மாற்றிச் சொன்னான். பிறகு, "நம்பலாம், பெரியவரே," என்றான். இந்தக் கடைசி வார்த்தையை விபிதியஸ் சொல்லவில்லை. மாதுகேன் தானாகச் சேர்த்தான். மாமியாரும் மைத்துனியும் அந்த மலைமேல் நாக்கு வறண்டு கிடந்தார்கள். விஷயம் சுமுகமாக முடிய வேண்டுமே என்ற ஆசையில் வாயிலிருந்து வந்துவிட்டது.

மறுநாள் விடியும்போது கதவு திறந்தது. பணயமாகப் போகிறவர்கள் நல்ல உடுப்பு உடுத்தி வரிசையாக வெளியே வந்தார்கள். சரிவில் இருந்த கருவாலி மரத் தோப்பில் முந்தின சாயங்காலமே வந்து பதுங்கியிருந்த ஆயிரம் வீரர்கள் அந்தக் கதவு வழியாக உள்ளே ஓடினார்கள். உச்சிப் பொழுதுக்குள் எல்லாம் முடிந்தது. கோட்டைக்குள் இருந்தது மொத்தமே மூவாயிரம் பேர். பாதிக்குமேல் பெண்களும் பிள்ளைகளும்.

மாதுகேன் அடிமைக் கயிற்று வரிசை நெடுக ஓடி ஓடித் தேடினான். மாமியார் பன்னாவும் மைத்துனி நெமேதாவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தார்கள். பன்னா அவனைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. அவன் நேராக விபிதியஸின் கூடாரத்துக்குப் போய்க் காலில் விழுந்தான்.

"உன் குடும்பமா? முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா?" விபிதியஸ் உண்மையாகவே வருத்தப்பட்டார். அங்கேயே எழுத்தரைக் கூப்பிட்டு இரண்டு பெயரையும் வரிசையிலிருந்து எடுக்கச் சொன்னார். "ஆனா இப்ப நார்போவுக்கு அனுப்ப முடியாது. வழி சரியில்ல. ரோமுக்குத் தெக்கால என் பண்ணைக்கு அனுப்பறேன். அங்க பத்திரமா இருப்பாங்க. எல்லாம் முடியட்டும், நீயே வந்து கூட்டிக்கிட்டுப் போ."

மாதுகேன் அவர் கையை முத்தமிட்டான். அந்த நன்றி பொய் இல்லை. அது எப்படிப்பட்ட கட்டு என்று அவனுக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

*

குளிர்காலப் பாசறையில் விபிதியஸ் புத்தகம் எழுதினார். எழுதினார் என்றால், அவர் நடந்துகொண்டே சொல்வார், சிமியாஸ் என்ற கிரேக்க அடிமை மெழுகுப் பலகையில் கீறிக்கொள்வான். காலையில் இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம். ஆற்றின் பெயர், சாமி பெயர், ஊர் வழக்கம் என்று ஏதாவது தேவைப்பட்டால் மாதுகேனைக் கூப்பிடுவார்கள்.

அவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'நான்' என்றே சொல்லமாட்டார். 'விபிதியஸ் ஆற்றைக் கடந்தான்', 'விபிதியஸ் வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தான்' என்றுதான் வரும். யாரோ மூன்றாம் மனிதன் ஒதுங்கி நின்று பார்த்து எழுதியதுபோல் இருக்கும். வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, கழுவிவைத்த கூழாங்கல்மாதிரி. அலங்காரம் ஒன்று தலைகாட்டினால்கூட, "அத எடு. அரசியல்வாதி பேசற மாதிரி இருக்கு," என்பார். மாதுகேனுக்கே கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. தானும் நடந்த சேற்று வழி அந்தப் பலகையில் எவ்வளவு சுத்தமாகக் கிடந்தது!

அர்துவர் மலை வந்தது.

"இந்த ஜனங்க எந்தச் சாமி மேல சத்தியம் பண்ணுவாங்க?" என்று கேட்டார் விபிதியஸ்.

"தரானிஸ் மேலங்கய்யா. இடிச் சாமி."

"வானத்தையும் பூமியையும் சேத்துச் சொல்வாங்களா?"

"ஆமாங்கய்யா. வானம் விழட்டும், பூமி பொளக்கட்டும்னு."

"பிரமாதம். எழுது சிமியாஸ்." அவர் ஜன்னல் பக்கம் நடந்தார். "'விபிதியஸ் எதிரியின் குழந்தைகள்மேல் இரக்கப்பட்டு, ஊற்றைத் திறந்துவிடுவதாகச் சொன்னான். சமோதல் எழுந்து நின்றான். உயர்ந்த உருவம், கணீரென்ற குரல். அவன் இவ்வாறு பேசினான்: தரானிஸ் கேட்கட்டும். வானம் விழட்டும், பூமி பிளக்கட்டும். ரோமன் தரும் தண்ணீரில் எங்கள் நாக்கு நனையாது. எங்கள் பெண்களும் பிள்ளைகளும் தாகத்தில் சாகட்டும். அடிமைகளாகக் குடித்து வாழ வேண்டாம். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் உங்கள் ஊர்க் கிணறுகளில்தான் இனி எங்கள் குதிரைகள் நீர் குடிக்கும்.'"

சிமியாஸின் எழுத்தாணி ஓடிற்று. மாதுகேன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தான் இப்போது கொடுத்த வானமும் பூமியும் அடுத்த மூச்சிலேயே அந்தப் பேச்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. அதனாலேயே அது உண்மைபோல் ஒலித்தது.

"ஐயா," என்றான்.

"சொல்லு."

"அவருக்கு வாய் திக்கும்."

விபிதியஸ் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. "தெரியும்ப்பா. நானும் அங்கதானே உக்காந்திருந்தேன்." பிறகு சிரித்தார். "தண்ணி கேட்டு வந்த திக்குவாயன ஜெயிச்சேன்னு எழுதினா, எனக்கு ரோம்ல எவன் வெற்றி ஊர்வலம் குடுப்பான்? அந்த ஆளுக்கும்தான் என்ன பெருமை? இப்ப பாரு, நூறு வருஷம் கழிச்சுப் படிக்கிறவன்கூட, இவன்டா ஆம்பளன்னு சொல்வான். நான் அவனுக்கு நல்லதுதான் பண்றேன்."

"எண்ணிக்கை, எஜமான்?" என்று கேட்டான் சிமியாஸ்.

"ஆயுதம் தாங்கினவங்க எட்டாயிரம்."

அன்று மத்தியானம் அடுப்பருகே ரொட்டி தின்னும்போது சிமியாஸ் விளக்கிச் சொன்னான். ஒரே போரில் ஐயாயிரம் எதிரிகள் விழுந்தால்தான் செனட் சபை வெற்றி ஊர்வலம் கொடுக்கும். பேசி அடங்கிய ஊருக்கு ஊர்வலம் கிடையாது. வாக்குக் கொடுத்துவிட்டு வெட்டினால் வழக்கு வரும். ஆகவே போர் வேண்டும். போருக்கு ஒரு காரணம் வேண்டும்.

"நீ எழுதறப்ப உனக்கு ஒண்ணுமே தோணாதா?" என்று கேட்டான் மாதுகேன்.

"என் கைக்குத்தான் இங்க சோறு போடறாங்க," என்றான் சிமியாஸ். "உன் மாமியா எங்க இருக்காங்க?"

"அவர் பண்ணையில."

"அப்ப வாய மூடிக்கிட்டு ரொட்டியத் தின்னு."

*

வசந்தத்தில் புத்தகம் அவர்களுக்கு முன்னால் ரோமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விபிதியஸின் நண்பர்கள் நாற்பது ஐம்பது படிகள் எடுத்து ஊரெல்லாம் கொடுத்திருந்தார்கள். ஊர்வலம் கேட்டு நிற்கும் தளபதி நகர எல்லைக்குள் நுழையக்கூடாது என்பதால் விபிதியஸ் மதிலுக்கு வெளியே ஒரு நண்பர் மாளிகையில் தங்கினார். மாதுகேன் ஊருக்குள் போகலாம், வரலாம். போன இடமெல்லாம் அவன் காதில் அதே பேச்சுதான் விழுந்தது. நாவிதன் கடையில் தாடையைக் காட்டிக்கொண்டு ஒருவன் "ரோமன் தரும் தண்ணீரில் எங்கள் நாக்கு நனையாது" என்று கையை வீசினான். பேச்சுக்கலை வாத்தியார் ஒருவர் தூண் மண்டபத்தில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி அதையே ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தார். உணர்ச்சியாகச் சொன்னவனுக்குக் கைதட்டல் கிடைத்தது.

கோட்டையில் உயிரோடு பிடித்த சமோதலை மாளிகையின் பின்கட்டில், எண்ணெய்க் கிடங்கில் வைத்திருந்தார்கள். காலில் சங்கிலி. அவனோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் மாதுகேன் தினம் போய், சாப்பிட்டானா, நோய் உண்டா என்று விசாரித்து வர வேண்டும். ஊர்வலம் வரைக்கும் அவன் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

காவலுக்கு இருந்தவன் கால் ஊனமான பழைய வீரன். ஒரு நாள் மாதுகேன் உள்ளே நுழையும்போது அவன் சமோதலின் எதிரே குந்தி உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு தடவ சொல்லேன்யா. அந்தக் குதிர தண்ணி குடிக்கிற வரி. உன் வாயால கேட்டேன்னு என் பொண்டாட்டிகிட்டச் சொல்லணும்."

சமோதல் மாதுகேனைப் பார்த்தான். "இ-இவன் என்ன கேக்கறான் தம்பி? ரெண்டு நாளா வரவனெல்லாம் எ-என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறான்."

மாதுகேன் காவலாளியை வெளியே போகச் சொன்னான். மழுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. புத்தகத்தில் இருந்ததை ஒரு வரி விடாமல் கல்லிய மொழிக்கு மாற்றிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே வியப்பாக இருந்தது. அந்த மொழியில் அது இன்னும் அழகாகவே வந்தது. வானமும் பூமியும் தம் சொந்த இடத்துக்குத் திரும்பியிருந்தன.

சமோதல் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் சங்கிலியோடு நகர்ந்து கிட்டே வந்தான்.

"இத நா-நான் சொன்னேன்னு இருக்கா?"

"ஆமா, பெரியவரே."

"தண்ணி கு-குடுத்தாங்க, நான் வேணாம்னேன்னு?"

"ஆமா."

"பி-பிள்ளைங்க செத்தா சாகட்டும்னு?"

மாதுகேன் தலையை ஆட்டினான்.

சமோதல் கையை விரித்துப் பார்த்தான். "எ-எனக்கு நாலு பிள்ளைங்க, தம்பி. கடைசிப் பொண்ணுக்கு மூணு வயசு. அவ நா-நாக்குதான் மொதல்ல வீங்கிச்சு." அவன் முகம் கோணியது. அடுத்த சொல் வர மறுத்தது. தொடையில் கையால் அடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளினான். "கொ-கொல்லட்டும். என்னைக் கொல்லட்டும், அது பரவால்ல. ஆனா எ-எங்க ஜனங்கள்ல எவனாவது மிச்சம் இருந்தா, அவன் காதுல இது விழுமே. எ-என்னாலதான் செத்தாங்கன்னு நெனப்பானே. நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. நான் த-தண்ணி கேட்டேன்னு எங்கயாவது, யாருகிட்டயாவது சொல்லு."

"சொல்றேன், பெரியவரே," என்றான் மாதுகேன். அந்த நேரத்தில் அவன் சொல்வதாகத்தான் இருந்தான்.

*

சொல்ல இடமும் கிடைத்தது. விபிதியஸுக்கு ஊர்வலம் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய மதிலுக்கு வெளியே போர்த்தெய்வம் பெல்லோனாவின் கோயிலில் செனட் சபை கூடியது. பாப்பினியஸ் என்ற செனட்டருக்கு இதில் ஆட்சேபம். நியாயத்துக்காக அல்ல, அந்த வருஷ ஊர்வலத்தைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க நினைத்திருந்தார். வாக்குக் கொடுத்து ஏமாற்றி வெட்டினதாகச் சில வீரர்கள் மதுக்கடையில் உளறியது அவர் காதுக்குப் போயிருந்தது. மொழிபெயர்ப்பாளனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று எழுந்து நின்றார்.

அன்று காலை விபிதியஸ் மாதுகேனைத் தன்னோடு உட்காரவைத்து அத்திப்பழம் கொடுத்தார். மிரட்டவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. "பண்ணையிலேருந்து கடுதாசி வந்துது. உன் மைத்துனி நல்லா நெய்யறாளாம். கணக்கப்பிள்ள அவள ரொம்பப் புகழ்றான். எங்க பக்கத்துப் பண்ணைக்காரர்கூட விலைக்குக் கேட்டாராம். நான்தான், சே, அது விக்கிற பொண்ணு இல்லன்னு எழுதிட்டேன்," என்றார். அத்திப்பழத் தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினார்.

கோயிலுக்குள் முந்நூறு பேர் வெள்ளை அங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பினியஸ் கேட்டார்: "இந்தப் புத்தகத்துல இருக்கிற பேச்ச அந்த ஆள் பேசினானா?"

"வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இல்லங்கய்யா," என்றான் மாதுகேன். "கருத்து அதுதான்."

"கருத்துன்னா? ஆமாவா, இல்லையா?"

"மொழிபெயர்க்கறப்ப கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்ங்கய்யா."

சபையில் சிலர் சிரித்தார்கள். பாப்பினியஸ் விடவில்லை. அந்த ஆளையே கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றார். எதிரிக் காட்டானுக்குச் சபையில் என்ன வேலை என்று ஒரு பக்கம் கூச்சல் எழுந்தது. ஆனால் புகழ்பெற்ற அந்த வாயைப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் இருந்தது. சபையை நடத்திய கான்சல் சம்மதித்தார்.

சமோதலைக் கொண்டுவந்தார்கள். கால் சங்கிலி கல் தரையில் உரசும் சத்தத்தில் சபை அடங்கியது. அவன் மாதுகேன் பக்கத்தில் வந்து நின்று, அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். நம்பிக்கையோடு அசைத்தான்.

"அன்னைக்கு விபிதியஸ்கிட்ட நீ என்ன சொன்னே? அதையே இங்க சொல்லு," என்றார் பாப்பினியஸ். மாதுகேன் அதை மாற்றிச் சொன்னான்.

சமோதல் வாயைத் திறந்தான். "த... த... த..." நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. முந்நூறு பேரும் முன்னால் குனிந்தார்கள். "த... த..."

பாப்பினியஸ் கையைத் தட்டினார். "பாருங்க பெரியோர்களே! இவனா கணீர்னு பேசினான்?"

விபிதியஸின் நண்பர் ஒருவர் உட்கார்ந்தபடியே பதில் கொடுத்தார்: "தன் ஆளுங்க எட்டாயிரம் பேர் வாளோட சுத்தி நிக்கறப்ப யாருக்கும் நாக்கு நீளும் பாப்பினியஸ். ரோமானிய சபைக்கு முன்னால நின்னா இப்படித்தான் ஒட்டிக்கும்." சபை ஆரவாரித்தது. அந்தப் புகழ்ச்சி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதுபோல் இருந்தது.

ஆரவாரம் அடங்கியபோது சமோதலின் சொல் விடுபட்டு வந்தது. கல்லிய மொழியில், திக்கித் திக்கி, ஆனால் முழுசாகச் சொன்னான். "த-தண்ணி கேட்டேன். தரேன்னு சொன்னார். க-கதவத் தொறந்தோம்."

எல்லாக் கண்ணும் மாதுகேன்மேல் திரும்பின. அந்த மண்டபத்தில் இரண்டு பக்கப் பேச்சும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இடது பக்கத் தூணருகே விபிதியஸ் நின்றிருந்தார். முறைக்கவில்லை. நல்ல நாடகத்தைப் பார்ப்பவர்போல் தலையைச் சாய்த்துக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டார் கான்சல்.

"தண்ணி..." என்று ஆரம்பித்தான் மாதுகேன். 'கேட்டார்' என்ற சொல் அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இலத்தீனில் அதற்கும் 'கேட்கிறார்' என்பதற்கும் ஓரிரண்டு எழுத்துதான் வித்தியாசம்.

"தண்ணி கேக்கறாருங்கய்யா. தாகமா இருக்காம்."

பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்: "அன்னைக்கு வேணாம்னான், இன்னைக்குக் கேக்கறான்டா!" கோயில் கூரையே இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. பாப்பினியஸ்கூட அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவருடைய ஆட்சேபத்துக்கு உயிர் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

"குடுங்கப்பா, குடுங்க. ரோம் யாருக்கும் தண்ணி இல்லேன்னதில்ல," என்றார் கான்சல். கோயில் பணியாள் ஒருவன் வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து சமோதலின் கையில் வைத்தான்.

சமோதல் கிண்ணத்தைப் பார்த்தான். சிரிக்கிற முகங்களைப் பார்த்தான். தான் சொன்னது இங்கே வந்து சேரவில்லை என்று அவனுக்கு விளங்க மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மெதுவாகத் திரும்பி மாதுகேனைப் பார்த்தான். அதில் கோபம் இருந்திருந்தால் மாதுகேன் தாங்கியிருப்பான். எங்கேயோ கேட்டு, பெயர் மறந்துபோன ஓர் ஊரை ஞாபகப்படுத்திப் பார்க்கிறவன்போல் பார்த்தான், அவ்வளவுதான். கிண்ணம் சாய்ந்து தண்ணீர் விரல்வழி வழிந்தது. யாரோ வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊர்வலம் நிறைவேறியது. மறுநாளே விபிதியஸ் புத்தகத்தின் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னதாக சிமியாஸ் சொன்னான்: 'களத்தில் கர்ஜித்த அந்த நாக்கு செனட்டின் முன் தண்ணீர் கேட்டுக் குழறியது.'

"நல்ல வரி," என்றான் சிமியாஸ், அவன் முகத்தைப் பார்க்காமல். "அதுல உன் பங்கும் இருக்கு."

*

ஊர்வல நாளில் மாதுகேன் விபிதியஸின் அலுவலர்களோடு நடந்தான். அவர் தேரில் நான்கு வெள்ளைக் குதிரை. முன்னால் சங்கிலியில் சமோதல். இரண்டு பக்கமும் ஜனங்கள் அவனிடமே அவன் பேச்சைக் கத்தினார்கள். மாடியிலிருந்து ஒருத்தி அவன் தலையில் தண்ணீரைக் கொட்டினாள், "நனைஞ்சுதா நாக்கு?" என்று. சமோதல் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஊர்வலம் கோயில் மலைமேல் ஏறத் திரும்பும் இடத்தில் அவனை மட்டும் பக்கத்துச் சிறைக்கு இழுத்துப்போனார்கள். மேலே விபிதியஸ் பலிக் காளையின் பக்கத்தில் காத்திருந்தார். கீழேயிருந்து ஓர் ஆள் மூச்சிரைக்க வந்து, "முடிஞ்சுதுங்க," என்றான். கயிறு போட்டு இறுக்கும்போது அவன் ஏதாவது சொன்னானா என்று மாதுகேன் பிறகு விசாரித்தான். யாருக்கும் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது.

விபிதியஸ் சொன்ன சொல் தவறவில்லை. பன்னாவையும் நெமேதாவையும் புது உடுப்போடு அனுப்பிவைத்தார். மாதுகேன் அவர்களை நார்போவுக்குக் கூட்டிப் போனான். லிதுமாரா வாசலிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள்.

இலையுதிர் காலத்தில் புத்தகம் நார்போவுக்கும் வந்தது. சந்தைக்குப் போன லிதுமாரா அழுத கண்ணோடு திரும்பினாள்.

"அந்தச் சமோதலாலதான் நம்ம ஜனம் செத்துதாம்மா. தண்ணி தரேன்னாங்களாம், வேணாம்னுட்டானாம். சந்தையில ஊரே காறித் துப்புது."

பன்னா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "யாரு சொன்னா?"

"புத்தகத்துல இருக்காம்."

"நான் கதவுகிட்ட நின்னேன்," என்றாள் பன்னா. "அவன் மல ஏறி வந்தான். மூச்சு வாங்குது. 'க-க-க'ன்னு கதவக் காட்டறான். கதவத் தொறங்க, தண்ணி வருதுன்னு சொல்லி முடிக்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஆச்சு. அதுக்குள்ள ஊத்துல தண்ணி வந்துடுச்சுன்னு பிள்ளைங்களே ஓடிவந்து சொல்லிட்டுதுங்க. எல்லாரும் சிரிச்சோம். அவனும் சிரிச்சான். ஒம்பது நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சோம்."

அவள் மாதுகேன் பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ள, உங்களப் பெரிய சபைக்குக் கூப்பிட்டாங்கன்னு பண்ணையில பேசிக்கிட்டாங்க. அங்க அவன் என்ன சொன்னான்? நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சமோதல் சொன்னதையும், அதைத் தான் எப்படி மாற்றினேன் என்பதையும், சிரிப்பையும், கிண்ணத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னான். லிதுமாரா மேலாடை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்களுக்காகவா?" என்று கேட்டாள் பன்னா.

"ஆமா அத்தை. நெமேதாவ வித்துடுவேன்னு தளபதி சொல்லாமச் சொன்னார்."

பன்னா மடியிலிருந்த தோல்களைத் தட்டிவிட்டு எழுந்தாள். "சரி," என்றாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் அவள் அவனைப் பார்த்து, "உப்பு, எஜமான்," என்றாள். இலத்தீனில். அடிமையாக இருந்த எட்டு மாதத்தில் பண்ணைச் சமையல்கட்டில் பொறுக்கிய இலத்தீன். முதலில் அவனுக்குப் புரியவே இல்லை. "என்ன அத்தை?" என்று அவளுடைய மொழியில் கேட்டான். அவள் உப்புக் கிண்ணத்தைக் காட்டி மறுபடியும் அதையே சொன்னாள்.

அன்றிலிருந்து அவனிடம் அவள் கல்லிய மொழி பேசவில்லை. மகள்களோடு பேசுவாள், பிறகு பிறந்த பேரப்பிள்ளைகளோடு மணிக்கணக்காகப் பேசுவாள், கோழியைத் திட்டுவாள். அவன் வீட்டுக்குள் வந்தால் நிறுத்திவிடுவாள். அவனுக்கென்று அவளிடம் இருந்தவை முப்பது நாற்பது இலத்தீன் வார்த்தைகள்தான். ரொட்டி. விறகு. ஆயிற்று. வந்துவிட்டேன், எஜமான். லிதுமாரா ஒரு தடவை கெஞ்சிப் பார்த்தாள். "அவர் நம்மளக் காப்பாத்தினாரும்மா." "அதனாலதான் அவர் வீட்டுல சோறு திங்கறேன்," என்றாள் பன்னா.

அவள் பதினோரு வருஷம் இருந்தாள். கடைசிக் காய்ச்சலில் அரைநாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தாள். செத்துப்போனவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, அவர்கள் பிள்ளைகளின் பெயரையும் சொல்லி, யாருக்கு எந்த வீடு, எந்தப் பக்கம் வாசல் என்றெல்லாம் நெமேதாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதுகேன் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். உள்ளே போகலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தான். கட்டில் பக்கம் பேச்சு நின்றது. அவன் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.